பிசின் பூசாத வில்

எங்கள் ஊர்ப் பிடில் பள்ளிக்கூடத்தில் ஒரு சமயம் பிடில் வாசிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் பேர் இருந்தார்கள். நான் இப்போது இருக்கிற பெர்மாஸ் ஜெயாவில் என்னோடு காலையில் நடக்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். எல்லாரும் என் வயதை ஒட்டியவர்கள். மரவள்ளிக்கிழங்கைப் பார்த்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள். ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் நீங்களும் சிறுபிள்ளையாக இருந்திருந்தால் நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கே தெரிந்திருக்கும். மீதிப் பாதியை நான் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

பத்து பாகாட்டில் ஆற்றங்கரைக்குப் போகும் தெருவில், பாய் கடைக்கு மேல்மாடியில் அந்தப் பள்ளிக்கூடம் இருந்தது. பாய் நாகூர்ப் பக்கத்துக்காரர், கீழே சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். மரப்படியில் பாதி தூரம் வரைக்கும் மீன்குழம்பு வாசனை வரும். அதற்கு மேல் பிடில் வில்லுக்குப் பூசுகிற பிசினின் வாசனை. படியடியில் மண்ணெண்ணெய் டின் ஒன்றில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும். கை கழுவாமல் மேலே போனால் டீச்சரம்மா விரல்களைப் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

டீச்சரம்மா திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். புதுப்பெண்ணாகக் கப்பலில் வந்து இறங்கியபோது துணிப்பெட்டியைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் பிடில் பெட்டியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாராம். அதை எங்கள் ஊர்ப் பெண்கள் ரொம்ப வருஷம் பேசினார்கள். முதலில் வீட்டுக்கூடத்தில் நாலு பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு பாயிடம் மாடியைக் கேட்டு வாங்கி, பலகை மாட்டி, பள்ளிக்கூடம் என்றே பெயர் வைத்துவிட்டார். ஒரு பெண் தனியாகப் பள்ளிக்கூடம் நடத்துவதாவது என்று கேட்டவர்கள்கூட இரண்டு வருஷத்தில் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவருடைய கணவர் தாயாரைப் பார்க்க இந்தியா போயிருந்த சமயத்தில் சண்டை வந்தது. கப்பல் நின்றுபோயிற்று. அவர் அங்கே, இவர் இங்கே.

டீச்சரம்மா யாரையும் பாராட்ட மாட்டார். நன்றாக வாசித்தால் அடுத்ததைச் சொல்லிக்கொடுப்பார். மோசமாக வாசித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். அவ்வளவுதான். நான் ஆறு வயதில் சேர்ந்தேன். மூன்று வருஷத்தில் பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

ஜப்பான்காரன் வந்த பிறகு பள்ளிக்கூடம் சில மாதம் மூடிக்கிடந்தது. மறுபடி திறந்தபோது நாங்கள் ஐந்து பெண்பிள்ளைகள்தான் மிச்சம். பிடில் தந்தி கடையில் கிடைக்காது. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து ஒற்றை இழையாக எடுத்து மேல்தந்தியாகக் கட்டினார் டீச்சரம்மா. விரல் நுனி கிழிந்துபோகும். பிசினும் தீர்ந்துவிட்டது. படகுக்குப் பூசுகிற டாமார் என்கிற மரப்பிசின் கட்டியை ஆற்றங்கரையிலிருந்து வாங்கிவந்து, உருக்கி, கொஞ்சம் மெழுகு சேர்த்து, சிகரெட் டின் மூடியில் ஊற்றி உறையவைத்தார். அந்த டாமார் பிசினில் சத்தம் கொஞ்சம் கரகரப்பாகத்தான் வரும். ஆனால் வாசனை இருக்கிறதே, மழை பெய்த காட்டுக்குள் நுழைந்தமாதிரி இருக்கும். எத்தனையோ உயர்ந்த பிசின்களைப் பிறகு பார்த்துவிட்டேன். அந்த வாசனை எதிலும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் நான் தனியாக வாசித்துக்கொண்டிருந்தேன். கீழே சாப்பிட வந்த ஜப்பான் ஆபீசர் ஒருவர் படியேறி வந்தார். மூக்குக்கண்ணாடி போட்டவர். பின்னாலேயே பாய் பதறிக்கொண்டு வந்தார். ஆபீசர் மேல்படியில் நின்று குனிந்து பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். டீச்சரம்மா எழுந்து நின்றார். நான் முடிக்கும்வரை ஆபீசர் பேசவில்லை.

அப்புறம் பாயிடம் மலாயில் ஏதோ சொன்னார். பாய் தமிழில் சொன்னார்: "அடுத்த மாசம் அவங்க ராஜாவுக்குப் பிறந்தநாளாம். பாடாங் திடல்ல கொண்டாட்டம். நம்ம ஆளுங்க வாத்தியம் வாசிக்கணுங்கிறாரு."

ஆபீசர் டீச்சரம்மாவைப் பார்த்து நேராகவே கேட்டார். "பெராப்பா ஓராங்?"

"எத்தன பேரு இருக்கீங்கன்னு கேக்குறாரு."

டீச்சரம்மா பாயிடம் சொன்னார்: "இருவது பேருன்னு சொல்லுங்க பாய்."

பாய் திரும்பி அவரைப் பார்த்தார். "இருவதா டீச்சரம்மா?"

"துவா பூலோன்னு சொல்லுங்க. அதுல பதினஞ்சு பேரு வயசுப் பசங்க. மரம் வெட்ட, கல்லு ஒடைக்கன்னு இழுத்துட்டுப் போறாங்க, கை கெட்டுப்போவுது, வேற வேலைக்குக் கூப்பிடாம இருந்தாத்தான் வாசிக்க முடியும்னும் சொல்லுங்க."

பாய் சொன்னார். பதினைந்து பையன்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நான் வாயைத் திறக்கப் போனேன். டீச்சரம்மா என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். ஆபீசர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம், வேறு வேலைக்குப் பிடிக்கக்கூடாது என்று எழுதிச் சிவப்பு முத்திரை குத்திய பாஸ் இருபது வந்தது.

அந்தக் காலத்தில் சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சாஆ ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆட்கள் லாரி லாரியாகப் போன செய்தி எங்களுக்கும் வந்தது. டவுனிலும் வயசுப் பையன்கள் தெருவில் நடக்கப் பயந்தார்கள். டீச்சரம்மா வீடு வீடாகப் போய்ப் பையன்களைக் கேட்டார். பாட வருமா, தாளம் தெரியுமா என்று ஒன்றும் கேட்கவில்லை. உயரமாக, தோள் அகலமாக, பார்த்தால் இருபது வயது சொல்லும்படி இருந்த பையன்களாகத்தான் பொறுக்கினார். முடிவெட்டுக் கடைக்காரர் மகன், தபால்காரர் மகன், பாய் கடையில் பரோட்டா போடுகிறவன், இப்படிப் பதினைந்து பேர். ஊரில் பேச்சு எழும்பியது. ஜப்பான்காரனுக்கு அந்தம்மா ஆள் சேர்த்துக் கொடுக்கிறாள் என்றார்கள்.

அந்தப் பதினைந்தில் என் அண்ணனும் ஒருவன். பதினேழு வயது. அவன் படித்த பள்ளிக்கூடம் மூடியதும் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி போட்டு, கோழி வளர்த்துக்கொண்டிருந்தான். அவன் பாடினால் கோழிகூடத் தள்ளிப் போய்விடும் என்று அம்மா கேலி செய்வார். அப்பாவுக்கு இஷ்டமில்லை. அப்பா துறைமுகக் கிட்டங்கியில் கணக்கர், ஊர்ப்பேச்சுக்குப் பயந்தவர். அம்மாதான் பிடிவாதமாக அண்ணனை அனுப்பினார்.

பள்ளிக்கூடத்தில் இருந்தது ஏழு பிடில். மற்றதை ரப்பர் ஷீட்டு அடைக்கிற பெட்டிப் பலகையில் செய்தார்கள். செய்தவர் அதே தெருவில் சவப்பெட்டிக் கடை வைத்திருந்த சீனர். ஒரு பிடிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தார். கொஞ்சம் கனமாக இருக்கும். சிலவற்றின் முதுகில் பெட்டியில் அச்சடித்திருந்த எழுத்து அப்படியே தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் சொல்ல முடியாது.

எங்கள் ஐந்து பேர் வில்லுக்கு மட்டும் டீச்சரம்மா பிசின் பூசினார். பையன்கள் வில்லுக்குப் பூசவில்லை. பிசின் இல்லாத வில் தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும். காற்று போன மாதிரி ஒரு சத்தம், அதுவும் பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். டாமார் கொஞ்சம்தான் இருக்கிறது, அதனால்தான் என்று நாங்கள் நினைத்தோம். டீச்சரம்மா எங்களுக்கு எதையும் விளக்கவில்லை. பையன்களுக்கும் சொல்லவில்லை. மாடித்தரை பலகை போட்டது. இங்கே பேசினால் கீழே சாப்பிடுகிறவர்களுக்குக் கேட்கும், அவர்களில் யார் யாருக்கு வேண்டியவர் என்று தெரியாது.

ஆனால் அந்தப் பையன்களை அவர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. எந்த இடத்தில் வில் கீழே வரவேண்டும், எந்த இடத்தில் மேலே போகவேண்டும் என்று எண்ணி எண்ணிப் பழக்கினார். ஒருவன் மாற்றி இழுத்தால் எல்லாரும் முதலிலிருந்து.

"டீச்சர், சத்தமே வரலியே" என்றான் அண்ணன் ஒருநாள்.

"வராட்டிப் போவுது. கை ஒழுங்காப் போவட்டும்."

அண்ணனுக்குப் பாட்டு வராதே தவிர, கை நன்றாக வந்தது. விறகு பிளந்த கை. மணிக்கட்டு தண்ணீரில் மிதக்கிறமாதிரி அசையும். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் டீச்சரம்மா எல்லாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு அவனை மட்டும் வில் இழுக்கச் சொன்னார். "பாருங்க. கைன்னா இப்படிப் போவணும்" என்றார்.

மூன்று வருஷம் விரல் கிழிய வாசித்தவள் நான். ஒரு சத்தமும் வராத பெட்டிப் பலகையை வைத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பாராட்டு. அவன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று சாயங்காலம் அப்பா கிழங்கு உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் வெளியே கோழி அடைத்துக்கொண்டிருந்தான். நான் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்பா, அண்ணன் வில்லுல பிசினே இல்லப்பா. பசங்க யாருக்கும் இல்ல. சும்மா ஆட்டுறாங்க. நாங்கதான் வாசிக்கிறோம்" என்றேன்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "சும்மா ஆட்டுறானா?"

"ஆமாப்பா. பொம்மை மாதிரி."

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகிற வழியில் என்னையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். என் மகன் இங்க வாசிக்கிறானா, பொம்மையா ஒக்காந்துருக்கானா?"

டீச்சரம்மா என்னைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். "இருக்கட்டும் ஐயா, அவன் இங்க இருக்கட்டும்" என்றார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க. மானத்த விட்டுட்டுப் பிள்ளைய அனுப்பிருக்கேன். நீங்க அவன வச்சுக் கூத்துக் காட்டுறீங்க."

கீழே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா தரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. ஒரு மாசம் இருக்கட்டும்" என்றார், ரொம்ப மெதுவாக.

அப்பா அண்ணனின் சட்டைப்பையிலிருந்து பாஸை எடுத்துத் தரையில் விரித்திருந்த பாயில் வைத்தார். "பாஸை அவனே வச்சுக்கட்டும் ஐயா" என்றார் டீச்சரம்மா. "ஒங்க பொருள் எங்களுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு அப்பா இறங்கினார். அண்ணன் பெட்டிப் பலகைப் பிடிலைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னாலேயே போனான். நான் அங்கேயே நின்றேன். டீச்சரம்மா என் வில்லை வாங்கி, எப்போதும் போலப் பிசின் பூசி, என் கையில் கொடுத்தார்.

பத்துநாள்கூட ஆகவில்லை. மார்க்கெட் பக்கம் இலவசமாக அரிசி போடுகிறார்கள் என்று ஒருநாள் காலையில் செய்தி பரவியது. அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அண்ணன் கோணிப்பையை எடுத்துக்கொண்டு ஓடினான். மத்தியானம் முடிவெட்டுக் கடைக்காரர் மகன் மட்டும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அத்தே, அவன ஏத்திட்டுப் போய்ட்டாங்க. வரிசையில நின்னோம். திடீர்னு ரெண்டு பக்கமும் லாரி. நான் பாஸைக் காட்டினேன், என்னைத் தள்ளிவிட்டுட்டாங்க. அவன்கிட்ட இல்லத்தே."

அம்மா அழவில்லை. அப்படியே செருப்பில்லாமல் நடந்து பாய் கடைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். டீச்சரம்மா கேட்டதும் சுவர் அலமாரியைத் திறந்து அண்ணனின் பாஸை எடுத்தார். அதைப் பத்திரமாக வைத்திருந்தார். பாயிடம் கரிப்புகையில் ஓடுகிற லாரி ஒன்று இருந்தது, மரவள்ளி மாவு ஏற்றிப் போக அனுமதிச் சீட்டும் இருந்தது. அப்பாவைக் கிட்டங்கியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு, டீச்சரம்மா, பாய், அப்பா மூன்றுபேரும் ஆட்களை ரயிலேற்றுகிற குளுவாங் ஸ்டேஷனுக்குப் போனார்கள். வழியில் லாரி இரண்டு தடவை நின்றுவிட்டதாம். போய்ச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டது. பிளாட்பாரத்தில் ஒரு கோணிப்பை கிடந்ததாம். எங்களுடையதா என்று அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் மடித்து எடுத்துவந்தார்.

அந்த லாரியில் போகும்போதுதான் டீச்சரம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம் சொன்னார். "பதினஞ்சு பயலுவள மறைச்சு வச்சிருந்துச்சு அந்தம்மா. நான் ஒருத்தன வெளியே இழுத்துட்டு வந்துட்டேன்." தான் யார் பேச்சைக் கேட்டுப் போனார் என்று அவர் அம்மாவிடம் சொல்லவே இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

கொண்டாட்ட நாள் வந்தது. நான் போகமாட்டேன் என்று பாயில் சுருண்டு படுத்துக்கொண்டேன். அம்மாவும் "போவ வேணாம்" என்றார். அண்ணன் போய் ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அப்பா வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"எந்திரிம்மா. நீங்க அஞ்சு பேருதான் சத்தம். ஒண்ணு கொறஞ்சா மிச்சப் பயலுவ மாட்டிக்குவானுவ."

டயருக்குப் பதிலாக ரப்பர் கட்டி சுற்றிய சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்து ஓட்டினார். வழியெல்லாம் தடதடவென்று ஆட்டியது. பாடாங்கில் இறக்கிவிட்டு, "நல்லா அழுத்தி வாசி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்தோம். பத்தொன்பது பேர். முன்வரிசையில் ஐந்து பெண்கள், பின்னால் பதினாலு பையன்கள். டீச்சரம்மா நடுவில். அன்று அவர் வாசித்த மாதிரி நான் பிறகு எந்த மேடையிலும் கேட்டதில்லை. ஐந்தாறு பிடில் சேர்ந்து இருபது பிடிலின் சத்தத்தை உண்டாக்கவேண்டும், அதுவும் வெட்டவெளியில். பிரேக் கம்பி என் விரலை அறுத்தது. பின்னால் பதினாலு வில்லும் ஒரே நேரத்தில் கீழே வந்தன, ஒரே நேரத்தில் மேலே போயின. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கைகள் அசைகிற காற்று கழுத்தில் பட்டது.

பாதியில் அந்த மூக்குக்கண்ணாடி ஆபீசர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். தபால்காரர் மகன் பக்கத்தில் போய் நின்றார். டீச்சரம்மா கண்ணைக்கூடத் திருப்பவில்லை, சத்தத்தை மட்டும் கூட்டினார். நாங்களும் கூட்டினோம். வாசித்து முடித்ததும் ஆபீசர் தபால்காரர் மகனின் வில்லைக் கேட்டு வாங்கினார். வில்லின் மயிரை விரலால் ஒருமுறை தடவினார். பிசின் பூசிய வில்லாக இருந்தால் விரலில் வெள்ளையாகத் தூள் ஒட்டும். அவர் விரலைப் பார்த்தார். டீச்சரம்மாவைப் பார்த்தார். வில்லைப் பையனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பாகூஸ்" என்றார். நன்றாக இருந்தது என்று அர்த்தம். பிறகு போய் உட்கார்ந்துகொண்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று டீச்சரம்மாவும் பாயும் எத்தனையோ வருஷம் பேசிக்கொண்டார்கள். தெரியாமல் போயிருக்கும் என்பார் பாய். "அவரு வில்லப் புடிச்ச புடி வாசிக்கத் தெரிஞ்சவங்க புடி பாய்" என்பார் டீச்சரம்மா. அந்த பாஸ்கள் கடைசிவரை செல்லுபடியாயின. பதினாலு பேரும் தப்பினார்கள். அவர்களில் பரோட்டாக்காரன் மட்டும் பிற்பாடு உண்மையாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டான்.

அண்ணன் திரும்பி வந்தான். சண்டை முடிந்து சில மாதம் கழித்து, ஒரு காலைக் கெந்திக்கொண்டு, அம்மாவுக்கே அடையாளம் தெரியாத முகத்தோடு. உயிரோடு வந்தானே என்று எல்லாரும் சொன்னார்கள். அவனோடு போன எத்தனையோ பேர் வரவில்லை. அந்த ரயில் பாதையைப் பற்றி அவன் பேசியதில்லை. பஸ் கண்டக்டராகி, டிரைவராகி, பத்து பாகாட்டுக்கும் மூவாருக்கும் நடுவில் வாழ்க்கையைக் கழித்தான். அப்பா அவன் சாப்பிடும்போது எதிரே உட்காரமாட்டார். சாகும்வரை அப்படித்தான். ஆனால் சாயங்காலம் தவறாமல் பள்ளிக்கூடத்துக்குப் போவார். நாற்காலி துடைப்பார், தண்ணீர் நிரப்புவார், பிள்ளைகளின் பெயரெழுதுவார். யாரும் கேட்கவில்லை, அவரே போனார்.

டீச்சரம்மாவின் கணவர் முதல் கப்பலிலேயே வந்துவிட்டார். பள்ளிக்கூடம் பெருகியது. மாடி போதாமல் தனிக்கட்டடம் வந்தது. அவரிடம் படித்தவர்கள் குளுவாங்கிலும் சிங்கப்பூரிலும் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அங்கேயே வாத்தியாரானேன், அவருக்கு முடியாமல் போன பிறகு பள்ளிக்கூடத்தை நானே நடத்தினேன். அன்று அப்பாவிடம் யார் சொன்னது என்று டீச்சரம்மா ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் கல்யாணத்தன்று மட்டும், கச்சேரி முடிந்ததும் பக்கத்தில் வந்து, "இன்னைக்கு நல்லா வாசிச்சே" என்றார். முப்பது வார்த்தை பேசுகிற இடத்தில் மூன்று வார்த்தை. நான் உள்ளே போய் அழுதேன். எல்லாரும் பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

டீச்சரம்மா காலமானபோது அண்ணன் வந்தான். அப்போது அவனுக்கு வேலையிலிருந்து ஓய்வு கிடைத்திருந்தது. காரியங்கள் முடிந்து எல்லாரும் போன பிறகு, பள்ளிக்கூடத்து வாசலில் நாங்கள் இரண்டுபேர் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. இனி வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். பிசின் இல்லை என்று சொன்னது, பொம்மை என்று சொன்னது, ஏன் சொன்னேன் என்பது, எல்லாவற்றையும்.

அவன் காலை நீட்டி நீவிக்கொண்டே கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"நீயா? நான்தானே சொன்னேன்."

"என்னண்ணே சொல்றே?"

"அதுக்கு மொத நாளே அப்பாகிட்ட நானே சொல்லிட்டேன்லா. சும்மா ஆட்டுறது வெக்கமா இருக்கு, நான் போவலன்னு. நீ சொல்லித்தான் அப்பா போனாருன்னு இத்தன வருசம் நெனச்சுக்கிட்டு இருந்தியா?"

நான் அவன் முகத்தையே பார்த்தேன். வெயிலில் பஸ் ஓட்டிச் சுருங்கிய முகம். அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் அப்பா கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு "சும்மா ஆட்டுறானா?" என்று கேட்டது, புதிதாகக் கேள்விப்படுகிறவர் கேட்ட மாதிரிதான் இருந்தது. அப்படித்தான் எனக்கு நினைவு. ஆனால் கேட்டுச் சரிபார்க்க அப்பா இல்லை. அண்ணனும் இப்போது இல்லை.

"கெளம்பு, மழ வருது" என்று அன்று சொல்லிவிட்டு, அவன் என் நாற்காலியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.